மூண்டாவது ஆப்

அசனா: …நாலாயிரம் பேர், சுலோ! அத்தனை பேர் வாசிச்சுக்கொண்டிருந்த தொடர்கதையைத் தூக்கிக்கொண்டு போய், ஈ காக்கா இல்லாத ஆப்பில போட்டிருக்கிறாய்.

சுலோஜனா: பதினொரு பேர் வந்திட்டினம்.

அசனா: அதில ஒண்டு நான்.

சுலோஜனா: அந்தப் போனுக்குக் கண்ணாடியை ஒட்டு. உங்கட காக்கா வந்தா ஏசப்போறார்.

அசனா: ஏசட்டும், கூடப்பிறந்த மூத்தவர்தானே, இந்தப் போன் கடையும் அவர்ரதானே. கேட்டதுக்குச் சொல்லு. முதல் ஆப்பில இருபது அத்தியாயம், விட்டாய். அடுத்ததில புனைபேரை மாத்தி முதலில இருந்து போட்டாய். அதையும் விட்டிட்டாய். உனக்கென்ன விசரா?

சுலோஜனா: அந்த ஆப்புகள் சரியில்லை.

அசனா: பொய்.

சுலோஜனா: …கொமண்டுகள் பாத்தனியா?

அசனா: ஓம். சனம் அழுதெல்லோ எழுதினது. புருசன் அந்தப் பெட்டையைச் சமைக்கிற குசினிக்குள்ள பூட்டி வைக்கிற இடத்துக்கு—

சுலோஜனா: அதுக்குக் கீழ ஒரு ஆள். 'கறியில உப்பில்லை எண்டதையும் எழுதுங்கோ' எண்டு.

அசனா: ஓமோம்! ஆரோ பகிடிக்காரன். நான் சிரிச்ச சிரிப்பு…

சுலோஜனா: உப்பில்லைத்தான்.

அசனா: என்ன?

சுலோஜனா: கதையில நான் கறியெண்டே எழுதேல்ல, அசனா. அண்டைக்கு உப்புப் போட மறந்தது எனக்கும் அவருக்கும்தான் தெரியும்.

அசனா: எவருக்கு? நீ… கலியாணம் கட்டேல்ல எண்டெல்லோ சொன்னனீ?

சுலோஜனா: சொன்னனான்.

அசனா: யா அல்லாஹ்… அப்ப அந்தக் குசினி…

சுலோஜனா: புல்மோட்டையில. கதவைத் திறந்த அண்டைக்கே ஓடி வந்தனான். உடுத்த உடுப்போட.

அசனா: ஒருத்தரிட்டயும் சொல்லேல்லையா?

சுலோஜனா: ஆர் நம்புவினம்? ஊரில அவர் நல்ல மனுசன். சத்தம் போட்டுக் கதைக்கமாட்டார்.

அசனா: அப்ப எழுதாம விடன்!

சுலோஜனா: ஏலாது. நான் எழுதாட்டி அவர் சொல்லுறதுதான் மிஞ்சும். நான் விசரி, வீட்டை விட்டு ஓடினவள்… அவ்வளவுதான்.

அசனா: இப்பவும் வாசிக்கிறாரா?

சுலோஜனா: எங்க போட்டாலும் தேடிப் பிடிக்கிறார். அதுதான் இந்த முறை ஒருத்தருக்கும் சொல்லேல்ல. உனக்கு மட்டும்தான்… என்னடி? ஏன் முகம் இப்பிடிப் போகுது?

அசனா: பழைய ஆப்பில… கதை எங்க போச்சுதெண்டு சனம் கேட்டுக்கொண்டே இருந்தது. பாவமா இருந்தது. புது லிங்கைப் போட்டுவிட்டனான்.

சுலோஜனா: எப்ப?

அசனா: முந்தநாள். உனக்கு ஆக்கள் சேரட்டும் எண்டு…

சுலோஜனா: அசனா…

அசனா: ஒரு வாசகர் தனிய மெசேஜ் போட்டவர். புத்தகமாப் போட உதவி செய்யிறன், எழுதினவவை ஒருக்கா நேரில பாக்கோணும் எண்டு. அவ்வளவு மரியாதையாக் கதைச்சவர், சுலோ. உனக்குச் சொல்லாம வச்சிருந்து சந்தோசப்படுத்துவம் எண்டு நினைச்சன்…

சுலோஜனா: எந்த ஊர் எண்டவர்?

அசனா: …புல்மோட்டை.

சுலோஜனா: கடை எங்க எண்டு சொன்னனியா?

அசனா: இப்ப உன்னோட கதைக்கத் தொடங்க முன்னம்தான்… பஸ்ஸால இறங்கிட்டன் எண்டு வழி கேட்டவர். சொல்லிட்டன்.