கைச்சீனி

— இஞ்சாருங்க, டொக்டர் கேட்டதுக்கு என்ன சொன்ன நீங்க?

— தேத்தண்ணிக்குச் சீனி போடுறல்ல எண்டு சொன்னன்.

— வாய் கூசல்லையா உங்களுக்கு?

— பொய்யில்லையே புள்ள. தேத்தண்ணிக்குள்ள போடுறல்லத்தானே.

— ஓமோம்... உள்ளங்கையில கொட்டி வைச்சு, ஒரு நக்கு, ஒரு மிடறு. அது சீனியில்ல, கோயில் திருநீறு!

— மெல்லக் கதை. பக்கத்துக் கட்டில் ஆக்களுக்குக் கேக்கும்.

— கேக்கட்டும். ரெண்டு கால்விரலோட நிக்குமோ, முழங்காலுக்குக் கீழ முழுக்க எடுப்பாங்களோ எண்டு இன்னும் சொல்லல்ல. உங்களுக்குப் பக்கத்துக் கட்டில்தான் பெரிசு.

— கால்ல ஒரு மட்டி ஓடு குத்தினதுக்கு இவ்வளவு...

— குத்தினதே தெரியல்லையே உங்களுக்கு! மூணு நாள் அந்தக் காயத்தோட செருப்பையும் போட்டுத் திரிஞ்ச மனிசன்.

— சண்டை முடிஞ்சிட்டு எண்டு ரேடியோவில சொன்ன உடனே தோணியப் பாக்கப் போனன். இனி ஆமிக்காரன் ஒருத்தனும் பாஸ் கேக்க மாட்டான், நினைச்ச நேரம் ஆத்துல இறங்கலாம் எண்டு ஒரு ஆசை... அது பிழையா?

— ஆசை பிழையில்ல. நாலரை வருசம் கதிரையில குந்தியிருந்ததுதான் பிழை.

— என்னத்தச் செய்ய? முகாமில கோதுமை மாவும் சீனியும்தான் தந்தானுகள். காலையிலயும் ரொட்டி, ராவைக்கும் ரொட்டி. மறுகா கடைக் காவல் வேலை... கதிரையும் தேத்தண்ணியும்.

— முந்தி மட்டும் கொஞ்சமாவா திண்ட நீங்க? கோப்பை நிறையச் சோறு...

— திண்டன். இருட்டோட இறங்கி பத்து மணி மட்டும் தோணி வலிச்சன். திண்டதெல்லாம் வேர்வையில போயிட்டு.

— அதத்தானே கிளினிக்கில அந்த நேர்ஸ் புள்ளயும் சொன்னது. ஐயா, ஒரு நாளைக்கு அரை மணித்தியாலமாவது நடவுங்க எண்டு. நடந்தீங்களா?

— நடந்தன்.

— எங்க?

— ...தேத்தண்ணிக் கடைக்கு.

— அறுவான்! சிரிப்பும் வருகுது, அழுகையும் வருகுது எனக்கு. இந்தா, நேர்ஸ் மிஸ்ஸி வாறா.

— பதினோராம் கட்டில், நல்லரத்தினம் ஆரு?

— நான்தான் மிஸ்ஸி.

— காலையில பாத்த ரத்தத்துல சீனி முந்நூத்தி எண்பது. குளிசை போட்டும் இறங்கல்ல. ஒப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டுபோக முதல் டொக்டர் இன்னொருக்கா வருவார். என்ன திண்ணுறீங்க எண்டு உண்மையச் சொல்லுங்க ஐயா. மறைச்சீங்க எண்டா வெட்டின காயமும் ஆறாது, மறுகா இன்னும் மேல வெட்ட வேண்டி வரும். நீங்க இவர்ர மனிசியா?

— ஓம் மிஸ்ஸி. புஸ்பம்.

— நீங்களாவது சொல்லுங்க அம்மா. நான் போயிட்டு வாறன்.

— ...கேட்டீங்கதானே?

— கேட்டன்.

— அப்ப அந்தப் பால்மா டின்னைப் பத்திச் சொல்லுங்க.

— எந்த டின்?

— குசினிக்குப் பின்னால, வலைச் சாக்குக்குள்ள ஒளிச்சு வைச்ச டின்.

— ...எப்ப கண்ட நீ?

— எப்ப கண்டா என்ன? விடியக்குள்ள எழும்பிச் சீனியைக் கையில கொட்டி, "காணும் தனு, போதும் மகள்" எண்டு சொல்லுவீங்க. நான் பாயில கிடந்து கேட்டுக்கொண்டிருப்பன்.

— அவள்தானே வைக்கிற... நான் தோணிக்குப் போக முதல், "அப்பா, கைய நீட்டுங்க." கனக்கக் கொட்டாத மகள் எண்டா கேக்க மாட்டாள்.

— கடல் ஊருக்குள்ள வந்த அண்டைக்கும் வைச்சவள்.

— ஓம். எட்டு வயசு. நான் ஆத்துல நிண்டன் புள்ள. கிறுகிப் பாக்கக்குள்ள கரையில ஊர் இல்ல.

— ...அழாதீங்க. கண்ணத் துடையுங்க.

— இத எப்பிடி டொக்டரிட்டச் சொல்லுற? செத்துப்போன புள்ள சீனி தருகுது எண்டா?

— நான் சொல்லுறன். நான் சொல்ல வேண்டியது இன்னொண்டும் இரிக்கு.

— என்ன?

— அந்த டின் ஒருநாளும் வெறுமையாகல்ல. அது ஏன் எண்டு நீங்க யோசிக்கல்லையா?

— நீயே சொல்லு.

— நான்தான் நிரப்பினன். கிளினிக்கில வேணாம் எண்டு சொன்ன பிறகும் நிரப்பினன். நாள் முழுக்க வாய் திறக்காத மனிசன், அந்த ஒரு நேரம்தான் அவள்ர பேரைச் சொல்லுறீங்க. சீனி முடிஞ்சா அதையும் நிப்பாட்டிப்போடுவீங்க எண்டு பயந்தன்... உங்கட காலைத் திண்டது நான்தான்.

— தெரியும் புள்ள.

— என்ன தெரியும்?

— நீ நிரப்புறது. முதல்ல தெரியாத மாதிரி நடிச்சன்.

— தெரிஞ்சுகொண்டா திண்ட நீங்க? ஐயோ... ஏன்?

— கிளினிக்கில சொன்ன அண்டைக்கே நான் விட்டிட்டன் புள்ள. ரெண்டு நாள் தொடவேயில்ல. மூணாம் நாள் நீ டின்னைத் திறந்து பாத்தாய். சீனி குறையல்ல எண்டு கண்டிட்டு, குசினிக்குள்ள குந்தி அழுதாய். நான் அவளை மறந்திட்டன் எண்டு நீ நினைச்சிருவாய் எண்டுதான்... அண்டையில இருந்து ஒவ்வொரு நாளும் திண்டன்.