அரை மணி கழித்து வந்தவர்

தகுதியுள்ளவனுக்கு உலகத்தில் எந்தக் கதவும் மூடியிருக்காது. இது தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி ஹரிஹரசுதன் அண்ணாச்சியின் கொள்கை. கம்பெனி வாசலில் கிரானைட்டில் பொறித்தே வைத்திருந்தார். அந்தக் கல்லுக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் சிவனாண்டி, எவர் வந்தாலும் "அரை மணி கழிச்சு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அதுவும் அண்ணாச்சி உத்தரவுதான். நிஜமாகவே காரியம் இருந்தால் திரும்பி வருவானாம்.

கரண்ட் வர நேரமாகும்... கிட்ட வந்து உட்காருங்க. இது அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிற, நம்ம விஜியின் அத்தை மகன் காளீஸ்வரனுக்கு நடந்தது.

மே மாசம், ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டரை. ஓட்டப்பிடாரம் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் இரண்டு கிலோமீட்டருக்கு வெறும் கரிசல். மரமில்லை, ஆளில்லை. பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த காட்டுக்கு நடுவே அவன் பைக் மட்டும் போனது.

கம்பெனி மெயில் சர்வர் நின்றுபோயிருந்தது. அண்ணாச்சி போனில் சொல்லிவிட்டார். "ஏலே, நாளைக்குக் கென்யாக்காரன் ஆர்டர் வரணும். அது வரலைன்னா நீயும் வராத."

சர்வருக்கும் அதே வாசல் சட்டம்தான். முன்பின் தெரியாத இடத்திலிருந்து மெயில் வந்தால் 'அரை மணி கழித்து வா' என்று சொல்லி, பெயரை கிரேலிஸ்ட் என்ற பட்டியலில் குறித்துக்கொள்ளும். திரும்பி வந்தால் உள்ளே விடும். வராதவர்கள் பெயர் அப்படியே கிடக்கும். மூன்று வருஷமாக யாரும் துடைக்காததில் பட்டியல் வீங்கி, சர்வர் மூச்சுமுட்டி நின்றது.

கேட்டில் ஸ்டூல் காலியாக இருந்தது. சிவனாண்டி மார்ச்சில் போய்ச் சேர்ந்துவிட்டார். அதே ஸ்டூலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாரடைப்பு. அன்றும் உள்ளே இருந்தது காளீஸ்வரன் ஒருத்தன்தான்.

சர்வர் ரூமில் ஜன்னல் கிடையாது. ஏசி மட்டும் கிர்ரென்று ஓடியது. அழிக்க ஆரம்பித்தான். லாட்டரிக்காரன், கடன் கொடுக்கிறவன், வழுக்கைக்குத் தைலம் விற்கிறவன்... ஒருதரம் தட்டிவிட்டுப் போனவர்கள். ஆயிரம் ஆயிரமாகப் போனார்கள்.

ஒரு வரி போகவில்லை.

அனுப்பியவர்: சிவனாண்டி. வாட்ச்மேனுக்குக்கூட மெயில் விலாசம் உண்டு என்பது அண்ணாச்சி விருந்தாளிகளிடம் சொல்லும் பெருமை. சிவனாண்டிக்குக் கைநாட்டு.

பெறுபவர்: காளீஸ்வரன்.

முதலில் வந்தது மார்ச்சில், அந்த ஞாயிறு, பகல் ஒன்று பத்து. கடைசியாக இன்று, பன்னிரண்டு நாற்பது. நடுவில் இரவும் பகலும், அரை மணிக்கு ஒருதரம்... ஒன்றுகூடத் தவறவில்லை. திரும்பி வந்தவரை விடுகிற சர்வர், இவரை மட்டும் உள்ளே விடவேயில்லை.

அழித்தான். வந்தது. மறுபடி அழித்தான்... வந்தது.

அண்ணாச்சிக்குப் போன் போட்டான். "லிஸ்ட்ல சிவனாண்டி பேரு வருது, அண்ணாச்சி."

"வைரஸா இருக்கும்ல. மெஷின் மேல ஒரு எலுமிச்சம்பழத்த வை. கென்யாக்காரன் வந்துட்டானா?"

மொத்தப் பட்டியலையும் துடைத்தான். திரை வெறுமையானது. மணி ஒன்று ஒன்பது.

ஒன்று பத்துக்கு ஏசி நின்றது.

பீடி வாசம். வராண்டாவில் ரப்பர் செருப்பு தேயும் சத்தம்... சர்ர்... சர்ர்... கதவுக்கு வெளியே வந்து நின்றது. திரையில் அந்த ஒற்றை வரி மட்டும் தானாக ஏறியது. பக்கத்தில் புதிதாக ஒரு சொல்: 'அனுமதி.'

கதவுக் கைப்பிடி மெல்ல இறங்கியது.

கதவு திறந்தது. யாருமில்லை. கேட்டில் கிடந்த ஸ்டூல் சர்வர் ரூம் வாசலுக்கு நேராகப் போடப்பட்டிருந்தது. தொட்டுப் பார்த்தான். சூடாக இருந்தது.

இவ்வளவையும் காளீஸ்வரன் ஊரெல்லாம் சொல்லிவிட்டான். ஒன்றை மட்டும் விஜியிடம்தான் சொன்னான். அந்த மார்ச் ஞாயிறு, ஒன்று பத்துக்கு, சிவனாண்டி இதே கதவைத் தட்டியிருக்கிறார்.

"தம்பி, நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுது... பைக்குல ஆஸ்பத்திரில கொண்டு விடுதீங்களா?"

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அரை மணி கழிச்சு வாங்க" என்றான். சிவனாண்டி சரியென்று போய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அப்போது அவன் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தான்.