செவ்வாய்க்கிழமை பேசப்போகும் வெர்னா ஷான்ட்ஸ் அம்மையாருக்கு

அகழ்ந்த தெருவையும் அலுத்துப்போன மனிதரையும் அன்பால் ஆண்டவரே, தண்டவாளம் தொட்ட இடமெல்லாம் வீடும் கடையும் குழந்தைகள் காப்பகமும் தழைக்கச் செய்தவரே, பொறுமைக்குப் பெயர்போனவரே, பல்லாண்டுகளாக எங்கள் பொறாமைக்குப் பொருளானவரே, எல்ம்ஃபோர்ட் நகர இலகு ரயில் திட்ட அலுவலகத்தில் நிலையங்களைச் சுற்றிய வளர்ச்சிப் பணியைத் தலைமையேற்று நடத்தி இன்று ஓய்வு பெறும் வெர்னா ஷான்ட்ஸ் அம்மையாரே, வணக்கம்.

பொறாமை என்ற சொல் கைதவறி விழுந்துவிட்டதோ என்று முன்வரிசையில் சிலர் திரும்பிப் பார்ப்பீர்கள். கைதவறவில்லை. இம்மடலை எழுதும் பொறுப்பை விழாக் குழு, தண்டவாளப் பொறியாளன் மரே ஹென்ஷாவாகிய என் தலையில் கட்டியது. “இத்தனை வருஷமா பக்கத்து மேசைல உட்கார்ந்திருக்கீங்க, உங்களவிட வேற யாருக்கு அவங்களத் தெரியும்?” என்றார் குழுத்தலைவி செலஸ்ட். எனக்குத் தெரிந்ததை எழுதினால் கண்ணாடி போட்டு மாட்ட முடியாதே என்றேன். “எழுதுங்க, கொஞ்சம் இருட்டான இடமாப் பார்த்து மாட்டிக்கலாம்” என்றார். ஆகவே, அம்மையாரே, அலுவலர் அனைவர் சார்பிலும் உங்களைப் பாராட்டுகிறேன். என் சார்பில் பொறாமைப்படுகிறேன். எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக்காட்ட என்னால் ஆகவில்லை.

தேவாலயங்களின் அடித்தளத்திலும் ஹாக்கி அரங்கின் மாடியிலும் நாம் நடத்திய மக்கள் கருத்துக் கூட்டங்களை எண்ணிப் பார்க்கிறேன். வரைபடப் பலகைகளை வரிசையாக நிறுத்துவோம். வருகிறவர் கையில் பச்சைப் பொட்டும் சிவப்புப் பொட்டும் கொடுப்போம். பிடித்த இடத்தில் பச்சை, பிடிக்காத இடத்தில் சிவப்பு ஒட்ட வேண்டும். ஒரே பலகைதான். இடப்பக்கம் நான் வரைந்த ரயில் பாதை, வலப்பக்கம் நீங்கள் வரைந்த வீடுகளும் கடைகளும் மரங்களும். கூட்டம் முடியும்போது என் பக்கம் அம்மை போட்டதுபோல் சிவந்திருக்கும். உங்கள் பக்கம் புல் முளைத்திருக்கும். ஒருமுறை ஒரு பெரியவர் கையில் மிஞ்சிய சிவப்புப் பொட்டுகளை ஒட்ட இடம் தேடி, பலகையின் மூலையில் அச்சிட்டிருந்த என் பெயரைக் கண்டுபிடித்தார். “யாருங்க இந்த ஹென்ஷா? இங்க வந்திருக்கானா?” என்று பக்கத்தில் நின்ற என்னிடமே கேட்டார். இப்போதுதான் வெளியே போனார் என்றேன். மிச்சப் பொட்டையெல்லாம் அந்தப் பெயர்மேல் ஒட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனார்.

காபி மேசையில் அவருக்காக யார் காத்திருந்தார்? நீங்கள்தான். பால் ஊற்றிக் கொடுத்தீர்கள், அவர் மனைவியின் இடுப்பு வலியை விசாரித்தீர்கள், மருத்துவமனை நிலையத்தில் எத்தனை பெஞ்சு வேண்டும் என்று அவரிடமே கேட்டீர்கள். மனிதர் திரும்பி வந்து, செலஸ்டிடம் இன்னும் கொஞ்சம் பொட்டு கேட்டு வாங்கி, உங்கள் பக்கம் பச்சையாக ஒட்டித் தள்ளினார். பாதை இல்லாமல் நிலையம் ஏது, நிலையம் இல்லாமல் பெஞ்சு ஏது என்று கத்த வேண்டும்போல் எனக்கு இருந்தது. நகராட்சி ஊழியன் என்பதால் கத்தவில்லை.

டங்கன் தெருவைத் தோண்டிய காலம் இன்னும் கொடுமை. தண்டவாளம் போடுமுன் தெருவின் கீழிருந்த தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய் எல்லாவற்றையும் இடம் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு குளிர்காலத்தில் முடியும் என்று நான் எழுதிக் கொடுத்தேன். அடுத்த குளிர்காலமும் வந்து உட்கார்ந்துகொண்டது. வேலிக்கும் ஆரஞ்சுக் கூம்புகளுக்கும் பின்னால் ஆல்டினா ரெசென்டெஸின் ரொட்டிக்கடை இருக்கும் இடமே தெரியாமல் போயிற்று. அப்போது நீங்கள் செய்த காரியத்தை ஊர் அறியும்: நம் அலுவலகக் கூட்டங்களை எல்லாம் அந்தக் கடைக்கு மாற்றினீர்கள். ஒப்பந்தக்காரரும் சேற்றுக் காலணியோடு அங்கேதான் வந்தார், திட்ட இயக்குநரும் அங்கேதான் வந்தார். எனக்குத் தொப்பை விழுந்த வரலாறும் அங்கேதான் தொடங்குகிறது.

“வா வெர்னா, உள்ள வா, மூக்கெல்லாம் செவந்து கெடக்கு, சூடா ஒண்ணு சாப்பிடு” என்று உங்களுக்கு அடுப்பிலிருந்து இறக்கிய கஸ்டர்ட் டார்ட் என்னும் முட்டைப்பால் பலகாரம் வரும். அடுத்து ஆல்டினா என்னைப் பார்ப்பார். “இவருதான் தெருவ நோண்டினவரா? அந்தத் தட்டுல நேத்தோடது இருக்கு, எடுத்துக்கச் சொல்லு.” என்னிடம் நேராகச் சொல்லக்கூட அவருக்கு மனம் வராது. நேற்றையதைத் தின்றுகொண்டே இன்றையதன் வாசனையைப் பிடித்தவன் என் பொறாமையை அறிவான்.

டங்கன் தெரு மூலையில் உயர்ந்த கட்டடம் கட்ட வந்த நிறுவனத்தாரிடம் நீங்கள் பேசிய பேச்சையும் மறக்கவில்லை. நிலையத்தை ஒட்டிய தரைத்தளத்துக்கு ஒரு வங்கிக் கிளை வந்தால் எடுப்பாக இருக்கும் என்றார்கள். “எடுப்பாத்தான் இருக்கும். சாயங்காலம் ஆனா பூட்டிட்டுப் போயிருவாங்க. அப்புறம் அந்தக் குளிர்ல ரயிலுக்கு நிக்கிறவங்களுக்கு யாருங்க வெளிச்சம் தர்றது?” என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருந்தீர்கள். அவர்களும் பேசவில்லை. மௌனத்தை அவ்வளவு நேரம் தாங்கும் வல்லமை உங்களுக்கு உண்டு, அவர்களுக்கு இல்லை. இன்று அந்தத் தரைத்தளத்தில் ஆல்டினாவின் கடை பழையதைவிடப் பெரிதாய், கண்ணாடி நிறைய வெளிச்சமாய் நிற்கிறது.

முதல் ரயில் ஓடிய நாளன்று ஊரே உங்களைச் சூழ்ந்துகொண்டது. பாதையைப் போட்டவன் ஓரமாக நின்றேன். ஆல்டினா என்னை நோக்கிக் கையசைத்தார். ஆகா, கடைசியில் என்று நெஞ்சு விம்மிப் போனேன். கையில் கைப்பேசியைக் கொடுத்து, “கொஞ்சம் தள்ளி நின்னு எங்க எல்லாரையும் ஒரு படம் எடுங்க, வெர்னா நடுவுல வரணும்” என்றார். எடுத்தேன். நடுவில்தான் வந்தீர்கள்.

டங்கன் தெரு வளைவில் சக்கரம் கிறீச்சிடக் கூடாது என்று நான் பட்ட பாட்டை இந்த அவையில் விளக்கப் போவதில்லை. விளக்கினால் கேக் காய்ந்துவிடும். சத்தம் வந்தால் என் பெயரைச் சொல்வார்கள், வராவிட்டால் யார் பெயரையும் சொல்லமாட்டார்கள், அதுதான் என் தொழில். அன்று அந்த வளைவில் ரயில் திரும்பியபோது நீங்கள் மட்டும் பேச்சை நிறுத்தி, தலையைச் சாய்த்து, “மரே, ஒண்ணுமே கேக்கல” என்றீர்கள். என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டு மடல் அவ்வளவுதான். அதையும் நீங்கள்தான் தந்தீர்கள் என்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.

நேர்மையோடு சொல்கிறேன், ஒன்றில் மட்டும் உங்களைக் கண்டு எனக்கு எரிச்சல் வந்ததில்லை. பனிமேல் கல்லைத் தள்ளி வட்டத்துக்குள் நிறுத்தும் அலுவலகக் கர்லிங் போட்டியில் நீங்கள் தள்ளும் கல் எந்த ஆண்டும் நின்றதில்லை. பனித்தளம் முழுதும் வழுக்கிச் சென்று பின்சுவரில் முட்டிவிட்டுத்தான் ஓயும். அதற்கும் எல்லோரும் உங்களுக்குக் கைதட்டினார்கள் என்பது வேறு கதை.

நாம் அந்தப் போட்டியை நடத்திவந்த பழைய கர்லிங் அரங்கை இடித்த நிலம்தான் இப்போது நமக்கிடையே நிற்கிறது. பாதையை நீட்டும்போது கார்லைல் சாலையில் கடைசி நிலையம் வரும். அதை ஒட்டிய அந்த நகராட்சி நிலத்தில் என்ன வேண்டும் என்பதுதான் கேள்வி. நான் பெரிய கார் நிறுத்தம் வரைந்தேன். புறநகரார் காரை அங்கே விட்டுவிட்டு ரயில் ஏறுவார்கள். நீங்கள் வாடகை வீடுகளும் மளிகைக் கடையும் குழந்தைகள் காப்பகமும் வரைந்தீர்கள். “ரயில் வர்ற எடத்துல மனுஷங்களக் குடிவைக்கணும் மரே, காரைக் குடிவைக்கக் கூடாது” என்றீர்கள். நெடுநாள் மோதினோம். இயக்குநர் என் படத்தைத் தேர்ந்தார். நான் வென்றேன், அன்று மதியம் இரண்டு டார்ட் தின்றேன், இரண்டும் அன்று சுட்டவை, காசு கொடுத்து.

அலுவலகம் முடிவெடுத்துவிட்டால் ஊழியர் எல்லோருக்கும் ஒரே வாய் என்பது நம் முறை. அதன்படி கார்லைல் சாலைக் கூட்டத்தில் என் கார் நிறுத்தத்தை மக்கள்முன் வைத்தவர் நீங்கள். முகம் சுளிக்காமல், ஒரு குறையும் வைக்காமல், என்னைவிட நன்றாகச் சொன்னீர்கள். என் படத்தில் முதன்முதலாகப் பச்சைப் பொட்டுகள் விழுந்தன. வாழ்நாளெல்லாம் ஏங்கிய பச்சை, அதுவும் உங்கள் வாயால் வந்த பச்சை. வென்றதைக்கூட உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டியிருந்ததே என்று அன்று நான் வெந்த வேக்காடு கொஞ்சமல்ல.

அங்கே கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு பெண் உங்களிடம் கேட்டார்: “அதெல்லாம் சரி, உங்களுக்கு இது பிடிச்சிருக்கா?” நீங்கள் சொன்னீர்கள்: “இது எங்க அலுவலகத்தோட பரிந்துரைங்க.” அந்தப் பெண் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, புரியுது” என்று சொல்லி, எந்தப் பொட்டும் ஒட்டாமல் போனார். பக்கத்தில் நின்ற எனக்கும் புரிந்தது.

சென்ற திங்கட்கிழமை மதிய உணவின்போது நீங்கள் சூப்பை ஆற்றிக்கொண்டே சொன்னீர்கள்: “வெள்ளிக்கிழமை எனக்குக் கடைசி நாள். செவ்வாய்க்கிழமை கார்லைல் சாலை விஷயம் நகரமன்றத்துக்கு வருது. பேசறதுக்குப் பேர் கொடுத்திருக்கேன்.”

“யார் சார்பா?” என்றேன்.

“என் சார்பா. நானும் இந்த ஊர்லதான வரி கட்டுறேன்?”

“என்னை எதிர்த்தா?”

“கார் நிறுத்தத்தை எதிர்த்து. உங்கள எதுக்கு எதிர்க்கணும், அந்த வளைவு போட்ட மனுஷன்” என்றீர்கள். சூப்பைக் குடித்து முடித்தீர்கள்.

அம்மையாரே, என் பொறாமை அன்று தன் முழு உயரத்துக்கு எழுந்து நின்றது. நகரமன்றத்தில் ஒலிவாங்கிமுன் வந்து நிற்கும் ஊரார் ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் உண்டு. ரொட்டிக்கடைக்காரருக்கு உண்டு, பொட்டு ஒட்டிய பெரியவருக்கு உண்டு, ஓய்வு பெற்றதால் இனி உங்களுக்கும் உண்டு. ஊழியருக்கு இல்லை, நாம் பின்வரிசையில் அமர்ந்து, கேட்டால் மட்டும் எழுந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வோம். இந்த ஊரின் முதுகெலும்பைப் போட்ட நான் இந்த ஊரைப்பற்றி என்ன நினைக்கிறேன் என்று அந்த ஒலிவாங்கியில் ஒருநாளும் சொன்னதில்லை. உங்கள் ஓய்வூதியத்தைக் கண்டு நான் புழுங்கவில்லை, ஏரிக்கரைக் குடிலைக் கண்டும் புழுங்கவில்லை. அந்த ஐந்து நிமிடத்தைக் கண்டுதான் என் வயிறு எரிகிறது.

நம் அலுவலக வழக்கப்படி தண்டவாளத்தின் ஒரு துண்டை அறுத்து, மெருகேற்றி, மேப்பிள் மரக்கட்டையில் பதித்து உங்களுக்குப் பரிசளிக்கிறோம். டங்கன் தெரு வளைவுக்காக வந்த தண்டவாளத்தில் மிஞ்சியது அது. வேறு யாரையும் தொடவிடாமல் நானே அறுத்தேன். நல்ல கனம். செவ்வாய்க்கிழமை கைப்பையில் வைத்து எடுத்து வராதீர்கள். மன்ற வாசலில் காவலர் பிடித்துக்கொள்வார்.

நீங்கள் நோயின்றி, நோவின்றி, குளிரிலும் வழுக்கி விழாத முழங்கால்களோடு நெடுங்காலம் வாழ வேண்டும். நீங்கள் ஏறும் ரயில் நேரத்துக்கு வர வேண்டும், ஏறியதும் சன்னலோர இருக்கை கிடைக்க வேண்டும், யாரேனும் அடையாளம் கண்டு பேச வர வேண்டும், எப்படியும் வருவார்கள்.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு இயக்குநர் இருமுவார், இருமட்டும். செவ்வாய்க்கிழமை உங்கள் ஐந்து நிமிடம் முடிந்ததும் கவுன்சிலர் எவரேனும் பின்வரிசையைப் பார்த்து, “பொறியாளர் சொல்லட்டும். இவங்க சொல்ற மாதிரி கார் நிறுத்தம் இல்லாம அந்த நிலையம் நடக்குமா?” என்று கேட்பார். படம் என்னுடையது, பரிந்துரை அலுவலகத்தினுடையது; அதை மறுக்க எனக்கு உரிமையில்லை. கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லவும் எனக்கு உரிமையில்லை. உங்கள் சூப்புக்குப் பிறகு வந்த நாட்களில், உங்களைத் தோற்கடிக்க வேண்டும் என்றே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கார்லைல் சாலைப் பேருந்துகளை நிலைய வாசலுக்குத் திருப்பிவிட்டால் போதும், கார் நிறுத்தம் இல்லாமலே ரயில் நிறைகிறது. எப்படிப் போட்டாலும் நிறைகிறது.

ஆகவே நான் எழுந்து நிற்பேன், “நடக்கும்” என்பேன், உட்காருவேன். அந்த அரங்கம் முழுதும் கைதட்டும், உங்களுக்குத்தான் தட்டும்.

இங்ஙனம்,
பொறாமையும் பேரன்பும் குறையாத
மரே ஹென்ஷாவும், இலகு ரயில் திட்ட அலுவலகத்து அலுவலர் அனைவரும்
எல்ம்ஃபோர்ட், ஒன்டாரியோ