காதை அடைத்துத் தட்டிய டிரம்கள்

"காதை அடைச்சிகினுதாண்ணா எல்லாத்தையும் தட்டினேன்" என்று முன்சீட்டில் யாரோ சொல்வது கேட்டது. ஆரணியிலிருந்து செய்யாறு போகும் காலை பஸ். ஒரே நிறக் கம்பெனிச் சட்டையில் இரண்டு பேர். சொன்னவன் ஜன்னலோரம், பக்கத்தில் அவனைவிட மூத்தவர்.

"இன்னாடா சொல்ற?"

"நம்ம கியர் டிரம்முதாண்ணா. தகட்டைக் கிண்ணமா அமுக்கி, சுத்தி ரோலர் ஓட்டி பல்லு எடுக்கறோம்ல? பல்லுக்கு அடியில மெலிஞ்சி விரிசல் விட்டா கண்ணுக்குத் தெரியாது. நல்லதுன்னா தட்டறப்ப மணி மாதிரி கேக்கணும்."

"அது தெரிஞ்சதுதான."

"நேத்து சேஃப்டி ஆடிட்டுக்கு வந்தாங்க. எல்லாரும் காதுல அடைப்பான் போடுங்கன்னாரு சூப்பர்வைசர். போட்டுகினேன். கை பாட்டுக்குத் தட்டித் தட்டி எடுத்து வச்சிச்சி. எல்லாத்தையும் ஏத்திகினு லாரி கெளம்பினப்புறம்தான் அடைப்பானைக் கழட்டினேன். மேசைல ஒண்ணு மிச்சம் இருந்துச்சி, அதைத் தட்டிப் பாத்தேன்."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. அவன் பையிலிருந்து துண்டில் சுற்றிய டிரம்மை எடுத்தான். ஒரு விரலில் தொங்கவிட்டு, மறுகை விரல் முட்டியால் தட்டினான். டொக்கென்றது.

மூத்தவர் அதன் பல்லை விரலால் தடவினார்.

"காரு கியர்பாக்ஸுக்குள்ள போறதுடா இது. போனதும் சொல்லிடு."

"வேலை பூடும்ண்ணா."

"பயப்படாத. ஒண்ணுதான கெட்டிருக்கு."

அவன் டிரம்மை மறுபடி துண்டில் சுற்றினான்.

"நேத்து நான் காதால கேட்டதே இந்த ஒண்ணுதாண்ணா."