கைராசியான லேப்

எங்கள் லேப்பில் காத்திருப்பவர்கள் உட்காரும் நாற்காலிகள் நன்றாக இருக்கும். முதுகுக்கு இதமான சாய்வு, உட்கார்ந்தால் அமுங்கும் மெத்தை. முதலாளி அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. இதை முதலில் எழுதக் காரணம் உண்டு. அந்த நாற்காலிகள் அவ்வளவு வசதியாக இல்லாமல் இருந்திருந்தால் இந்த விவகாரமே தொடங்கியிருக்காது.

நீங்கள் கேட்டபடி எல்லாவற்றையும் எழுதித் தருகிறேன் இன்ஸ்பெக்டர் ஐயா. எழுத்துப் பிழை இருக்காது, அது என் தொழில். ரத்தம் எடுப்பவர் ஊசியக்கா. அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். குழாயில் பெயர் ஒட்டி மெஷினில் வைப்பதும் அவர்தான். மெஷின் ஒரு சின்னச் சீட்டில் எண்களைத் துப்பும். சீட்டு என் மேஜைக்கு வரும். அதைப் பார்த்து, லேப்பின் பெயர் அச்சிட்ட தாளில் ரிப்போர்ட்டை நான் தட்டச்சு செய்வேன். மாலையில் பெரிய டாக்டர் வந்து கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். ஒன்பது வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "வேற பேனா இருக்கா?" என்பதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம் ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். அவருடைய ரிப்போர்ட் சரியில்லை. வாங்கிப் படித்தவர் பேயறைந்தவர் போல அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எட்டு மணிக்குக் கதவை மூட வேண்டும். "கொஞ்சம் இருந்துட்டுப் போறேன் சார்" என்றார். அந்தக் கொஞ்சம் இரண்டு மணி நேரம் ஆயிற்று. அன்று மச்சான் வீட்டில் சாப்பாடு, அதாவது என் மனைவியின் தம்பி வீட்டில். நான் போய்ச் சேர்ந்தபோது பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். மனைவி இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை.

அடுத்த வாரம் அதே மாதிரி ஒரு சீட்டு வந்தது. தையல்காரப் பெண் ஒருவருடையது. மணி ஏழு ஐம்பது. நான் வேறு எண்களைத் தட்டினேன். அந்த அம்மா படித்துப் பார்த்துவிட்டு, அவிழ்ந்திருந்த கூந்தலை முடிந்துகொண்டு, பையை வீசியபடி தெருவில் நடந்து போனார். எட்டு மணிக்குக் கதவை மூடினேன். தொடக்கம் இவ்வளவுதான். நான் ஏதோ பெரிய திட்டம் போட்டதாகப் பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். அப்படி எதுவும் இல்லை.

ஆனால் அந்த அம்மா நடந்து போன நடை என் மனத்தை விட்டு அகலவில்லை. அந்தச் சந்தோஷம் நான் கொடுத்தது. தெரிந்து அழுவதைவிடத் தெரியாமல் சிரிப்பது மேல் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. கண்டக்டருக்கும் அதைச் செய்திருக்கலாமே என்று வருத்தமாகக்கூட இருந்தது. அவர் இப்போதும் உயிரோடு இருக்கிறார் என்று சொன்னீர்கள். கேட்க மகிழ்ச்சி. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் அவர் பட்ட பாட்டை நீங்கள் பார்க்கவில்லை.

எல்லோருக்கும் ஒரே எண்ணைத் தட்டுவது சோம்பேறியின் வேலை. நான் அப்படிச் செய்யவில்லை. சில பேருக்கு எதுவுமே இல்லை என்றால் பிடிக்காது, வந்ததே வீண் என்று முகம் தொங்கிவிடும். அவர்களுக்கு ஒரு சிட்டிகை குறை வைப்பேன். கொஞ்சம் இரும்புச்சத்து போதவில்லை, கொஞ்சம் வெயிலில் நடக்க வேண்டும், இப்படி. ஓய்வு பெற்றவர்களுக்குப் பேச ஒரு விஷயம் வேண்டும், ஆகவே கொழுப்பை எல்லைக்கோட்டில் நிறுத்துவேன். மாமியாரும் மருமகளும் சேர்ந்து வந்தால் இருவருக்கும் சரிசமமாகக் கொடுப்பேன். இல்லாவிட்டால் வீட்டில் சண்டை வரும். மனிதனுக்குத் துன்பமும் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை ஐயா. அளந்து கொடுத்தால் போதும் என்றுதான் சொல்கிறேன்.

இரண்டே வருஷத்தில் எங்கள் லேப் கைராசியான லேப் என்று பெயர் வாங்கிவிட்டது. வேறு இடத்தில் கெட்ட ரிப்போர்ட் வாங்கியவர்கள் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு எங்களிடம் வந்தார்கள். பக்கத்து மருத்துவமனையிலேயே நர்ஸுகள் காதோடு காதாகச் சொல்லி அனுப்புவார்களாம், "அங்க போய் எடுங்க, அந்த இடம் ராசியான இடம்." கைராசி தன்னுடையது என்று ஊசியக்கா நம்பினார். ஊசி குத்துவதற்கு முன்னால் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் பழகிவிட்டார். முதலாளி இரண்டாவது மெஷின் வாங்கினார். எனக்கு அது வீண் செலவாகத் தோன்றியது. அதைச் சொல்ல முடியவில்லை.

இப்போது மச்சான் விஷயத்துக்கு வருகிறேன்.

அவன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். ஏணி மேல் நின்றுகொண்டு கீழே போகிறவர்களை வம்புக்கு இழுப்பான். என் கல்யாணத்தன்று என் செருப்பை ஒளித்து வைத்துவிட்டு, என்னோடு சேர்ந்து அரை மணி நேரம் தேடியவன். எனக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது. அவன்மேல் எனக்கு உயிர். நான்கு வருஷத்துக்கு முன்னால், ஏணி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஈறில் ரத்தம் வருகிறது என்று லேப்புக்கு வந்தான். ஊசியக்கா ரத்தம் எடுத்ததும் என் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"மாமா, எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லிடுங்க. பாப்பாவுக்கு நாலு வயசு. தெரிஞ்சாத்தானே என்ன செய்யலாம்னு பார்க்க முடியும்."

"சொல்றேன்டா" என்றேன்.

சீட்டு வந்தது. வெள்ளையணுக்கள் எகிறியிருந்தன. இத்தனை சீட்டுகளைப் பார்த்தவனுக்கு அது ரத்தப் புற்றுநோய் என்று தெரியும். அந்தக் கட்டத்தில் வைத்தியம் தொடங்கினால் நூற்றுக்கு எழுபது பேர் பிழைப்பார்கள் என்பதும் தெரியும். ஆனால் அந்த வைத்தியம் கொடுமையானது. முடி கொட்டும், வாய் புண்ணாகும், வீடே அழும். எழுபது பேரில் ஒருவனாக இருந்தாலும் அவ்வளவையும் பட்டுத்தானே ஆக வேண்டும். எல்லாம் நார்மல் என்று தட்டினேன். அவனைத் திருப்திப்படுத்த, இரும்புச்சத்து மட்டும் லேசாகக் குறைவு. அவன் படித்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். சட்டையில் பெயின்ட் வாசனை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாள் வேறு இல்லை.

அவன் இளைத்தான். இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தான். நான் இன்னும் நல்ல எண்களாகக் கொடுத்தேன். அவன் இன்னும் இளைத்தான். வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடந்தான். வீட்டில் எல்லோருக்கும் கோபம் வந்தது, அது இயல்புதானே. ரிப்போர்ட் கையில் இருக்கும்போது உடம்பை யார் நம்புவார்கள். என் மனைவியே ஒரு நாள் அவன் கட்டிலருகே நின்று, "பேப்பர்ல எருமை மாதிரி இருக்கே, எந்திரிச்சு வேலைக்குப் போடா, பொண்டாட்டி புள்ளைய யாரு பாப்பா?" என்று திட்டினாள். நானும் உடன் இருந்தேன். கொஞ்சம் மெதுவாகச் சொல் என்று அவளைக் கடிந்துகொண்டேன்.

மூன்றாவது ரிப்போர்ட்டில் ஓட்டப்பந்தய வீரர்களுக்கு வரும் எண்களைக் கொடுத்தேன். தாளைப் பிடிக்க அவன் கையில் வலு இல்லை. நான்தான் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினேன். ஒவ்வொரு வரியாகப் படித்தான்.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் சோம்பேறி ஆயிட்டேன் மாமா. அக்கா திட்டுறதுல தப்பே இல்ல."

மறுநாள் காலை பெயின்ட் படிந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பியிருக்கிறான். வாசலைத் தாண்டவில்லை. நான் நான்கு நாள் அழுதேன். அவன் சந்தோஷமாகவா செத்தான் என்று கேட்டீர்கள். வெட்கப்பட்டுக்கொண்டு செத்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெட்கத்தை எழுத ரிப்போர்ட்டில் இடம் கிடையாது. காகிதத்தைப் பொறுத்தவரை அவன் ஆரோக்கியமாகவே இறந்தான்.

நான் பிடிபட்டது டீயால். பக்கத்து மருத்துவமனைக்குப் புதிதாக வந்த டாக்டரம்மாவுக்கு, ஒன்பது வருஷமாக இந்த லேப்பில் ஒரு நோயாளிகூட இல்லையே என்று சந்தேகம். சிறுநீர்க் குப்பியில், பால் சேர்க்காமல் குளுக்கோஸ் கலந்த டீயை ஊற்றி, ஒரு பெண்ணின் பெயரை ஒட்டி அனுப்பிவிட்டார். சீட்டில் சர்க்கரை உச்சத்தில் இருந்தது. யாரோ பாவம் என்று, சர்க்கரை துளியும் இல்லை என்று தட்டினேன். தினமும் காலையில் நடந்தால் நல்லது என்றும் சேர்த்தேன். அந்தக் காகிதத்தைத்தான் நீங்கள் கண்ணாடிச் சட்டம் போட்டு மேஜையில் வைத்திருக்கிறீர்கள்.

இறந்தவர்கள் நாற்பத்தொரு பேர் என்கிறீர்கள். அதில் ஒருவர் லாரியில் அடிபட்டவர். அவரை என் தலையில் கட்டுவது நியாயமில்லை என்று முதலில் நினைத்தேன். தலை சுற்றி நடுரோட்டில் விழுந்ததால்தான் அடிபட்டார் என்று விளக்கினீர்கள். சரி, நாற்பத்தொன்றாகவே இருக்கட்டும். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். அந்தப் பெருமையும் எனக்கு இல்லை. எல்லாவற்றையும் நான்தான் தட்டினேன். ஊசியக்காவுக்கும் முதலாளிக்கும் எதுவும் தெரியாது. அவர்கள் யாரிடமும் எந்த உண்மையையும் பிடுங்கவில்லை, நான்தான் பிடுங்கினேன். ஆனால் உண்மை தேவைப்படாதவர்களிடமிருந்துதான் பிடுங்கினேன் என்று இன்றும் நம்புகிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டீர்கள். போன வருஷம் என் மனைவிக்குப் பத்து நாளாகக் காய்ச்சல் விடாதபோது, நீ வேலை பார்க்கும் லேப் இரண்டு தெரு தள்ளி இருக்க, இரண்டு பஸ் மாறி ஊரின் மறுகோடியில் இருக்கும் லேப்புக்கு ஏன் கூட்டிப்போனாய் என்று. அங்குள்ள பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கிறது, மறுக்கவில்லை. அங்கே இருந்தவரிடம் மெஷினில் இரண்டு தடவை வைத்துப் பார்க்கச் சொன்னேன். எதுக்கு சார் ரெண்டு தடவை என்று அவர்கூடச் சலித்துக்கொண்டார். தம்பிக்கு வந்த அதே நோய்தான். நல்லவேளை, தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஏழு மாதம் படாத பாடு பட்டாள். முடியெல்லாம் கொட்டியது. சாமான்களைத் தூக்கி என்மேல் எறிவாள், அழுவாள். இப்போது தேறிவிட்டாள். நேற்று என்னைப் பார்க்க வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போனாள், நல்ல வேகமான நடை.

இதில் கேட்க என்ன இருக்கிறது ஐயா? அவள் என் மனைவி. அவளுக்கு என்ன என்று சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டாமா?