தெற்குச் சுவர்ப் பல்லிகள்

பல்லிக் குஞ்சு முட்டையை விட்டு வந்ததும் இரை தேடாது, ஐயா. தன் தோலை உரித்து அதைத்தான் முதலில் தின்னும். இது தெரியாமல் ஆரம்பத்தில் நான் நுளம்பு பிடித்துப் போட்டுவிட்டு, தின்னவில்லையே என்று கவலைப்பட்டிருக்கிறேன். பிறகு பழகிவிட்டது. வாய் அகன்ற போத்தலுக்குள் காய்ந்த ஓலைத் துண்டு வைத்து, வாயை மெல்லிய சீலையால் கட்டி, கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட வேண்டும். கிண்ணத்தில் வைத்தால் குடிக்காது, சொட்டைத்தான் நக்கும். இரை அதன் தலையைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். பெரிய பல்லியோடு சேர்த்து விட்டால் அது குஞ்சை விழுங்கிவிடும்.

இதையெல்லாம் பார்க்க எனக்கு நேரம் இருந்தது. மண்டூரில் அந்தக் கல்வீடு என் சீதனம். உறுதிப் பத்திரம் என் பெயரில்தான் இருக்கிறது. பூட்டுத் திறப்பு மட்டும் என் புருசன் கந்தப்போடியாரின் மடியில் இருந்தது. வயல் வட்டைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போவார். அடிக்கமாட்டார், ஏசமாட்டார். சோறு தண்ணீருக்கும் குறைவில்லை.

அவர் ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டார் என்றால் அது பல்லியின் சொல். வடக்கே சொன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்புவார். தெற்குச் சுவரில் சொன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அதனால் நான் பல்லி வளர்ப்பது அவருக்கும் பிடித்திருந்தது. வளர்ந்தவற்றை முன்னறைச் சுவரில் விட்டுவிடுவேன்.

பொங்கல் கழிந்து களுதாவளையிலிருந்து ஆள் வந்தது. தங்கையோடு இருந்த அம்மாவுக்குச் சேடம் இழுக்கிறது, இனித் தாங்காது, என்னைப் பார்க்கக் கேட்கிறாள் என்று. நான் சீலை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். அவரும் திறப்பைக் கையில் எடுத்துவிட்டார். அப்போது தெற்குச் சுவரில் ஒன்று சொன்னது. நான் ஈசல் ஊட்டி வளர்த்ததுதான். வால் அறுந்து முளைத்த அடையாளம் இருந்தது.

"பல்லி வேணாமெண்டு சொல்லுது அன்னம். நாளைக்குப் பாப்பம்" என்றார்.

மறுநாள் பார்க்க அம்மா இல்லை. செத்த வீட்டுக்குப் புறப்பட்டபோதும் தெற்கேதான் சொன்னது. வயிறு எரிந்தது, ஐயா, அதை மறைக்கவில்லை. ஆனால் பல்லியோடு எனக்குக் கோபமில்லை. அறியாச் சீவன், அதற்கென்ன தெரியும்.

பிறகுதான் அதன் சத்தத்தைக் கவனித்துப் பழகினேன். நாக்கு நுனியை மேல்பல்லின் பின்னால் ஒட்டி இழுத்தால் வரும். தெற்குச் சுவருக்கு இந்தப் பக்கம் என் அறை. சுவர் கூரைவரை எழும்பவில்லை. ஒருநாள் சந்தைக்குக் கிளம்பியவரை நிறுத்திப் பார்த்தேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து என் பேச்சு எதையும் கேட்காத மனுசன், அந்தச் சின்னச் சத்தத்துக்குச் செருப்பைக் கழற்றினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சகுனம் சொல்ல வடக்குச் சுவருக்கு அப்பால் போக வேண்டும். அது வாசலுக்கு வெளியே, பூட்டியிருக்கும். எனக்கு வாய்த்தது வேண்டாம் என்று சொல்லும் சுவர் மட்டும்தான்.

மாசியில் அவருக்கு வலப்பக்க அடிவயிற்றில் குத்து வலியும் காய்ச்சலும் வந்தன. வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி ஐயா அமுக்கிப் பார்த்துவிட்டு, இன்றைக்கே மட்டக்களப்பு ஆசுப்பத்திரியில் வெட்ட வேண்டும், பிந்தினால் உள்ளே வெடித்துவிடும் என்றார். என்னிடம் தனியாகவும் சொன்னார். எனக்கு நன்றாக விளங்கியது.

வாசலில் வண்டில் நின்றது, துறையில் தோணி நின்றது. வண்டில்காரன் சாமித்தம்பி அவரைத் தாங்கி வாசல்வரை கொண்டுவந்தான். நான் அறைக்குள் அவருடைய வேட்டிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"பொறு. என்ன சொல்லுதெண்டு கேப்பம்."

தெற்கே சொன்னது. திரும்பிப் போய்ப் படுத்துவிட்டார். வெயில் சாய்ந்ததும் மறுபடி தாங்கி வந்தார்கள், மறுபடியும் சொன்னது.

"போடியார், பல்லிய விடுங்க, போவம்" என்று சாமித்தம்பி கெஞ்சினான். அவர் கேட்கவில்லை. மறுநாள் அவரைத் துறைக்குக் கொண்டுபோகும் தேவை வரவில்லை.

ஊர் சொல்வதைக் கேட்டு நீங்கள் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். அவருடைய சோற்றில் நான் பல்லி போடவில்லை, ஐயா. கஞ்சி வைத்துக் கொடுத்தேன், கால் பிடித்துவிட்டேன். போகலாமா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், போங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். அவர் சுவரைப் பார்த்துத்தான் கேட்டார். அதனால் சுவருக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னேன்.