கோவிந்தராஜன் சார் குடுத்த வேலை

கொஞ்சம் இந்தப் பக்கம் மாறி உக்கார்றீங்களா அக்கா? எனக்கு அந்த ஜன்னலோரம் குடுங்க. ஜன்னல் இல்லன்னா எனக்குத் தலை சுத்தும். ரொம்ப தேங்க்ஸ். இல்லல்ல, பை இருக்கட்டும், மடியிலயே வச்சிக்கறேன். கனமெல்லாம் இல்ல.

நாம இதுக்கு முன்னாடி பாத்ததில்ல அக்கா. உங்க கையில தமிழ்ப் பேப்பர் இருந்துச்சு. அதான் நேரா உங்ககிட்ட வந்துட்டேன். கொஞ்சம் மெதுவாப் பேசறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் பேசறது கேக்குதுல்ல? ஹீட்டர் சத்தம் வேற.

ஆமா, இந்தியாதான். லால்குடி, திருச்சிக்குப் பக்கத்துல. நீங்க யாழ்ப்பாணமா? பேச்சுலயே தெரிஞ்சுடுச்சு. உங்க பேரு? குணேஸ்வரி. நல்ல பேரு. நான் பிரியம்வதா. அவ்வளவு நீளம் வேணாம், பிரியான்னே கூப்பிடுங்க. வேலை முடிஞ்சு வர்றீங்களா? பிஸ்கட் ஃபேக்டரியா? அதான் உங்க மேல வெண்ணெய் வாசனை அடிக்குது. ஐயோ, நல்லாத்தான் இருக்கு அக்கா. நான் காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல, அதனால சொன்னேன். இல்ல, வேணாம் வேணாம், இப்ப எதுவும் இறங்காது. என்ன சொன்னீங்க? பேந்துன்னா? ஓ, அப்புறமா. சரி, பேந்து சாப்பிடறேன்.

நீங்க மட்டும் பேசிக்கிட்டே இருங்க. நான் நிறுத்திட்டாலும் நீங்க ஏதாவது கேளுங்க.

படிச்சேன் அக்கா. மைக்ரோபயாலஜி, மாஸ்டர்ஸ். டிசம்பரோட முடிஞ்சுது. முடிஞ்சா ஊருக்குப் போகணும்னு கட்டாயமில்ல. படிச்சு முடிச்சவங்க ஒரு வருஷம் இங்க வேலை செய்யலாம், அதுக்குன்னு ஒரு விசா தர்றாங்க. ஆனா சும்மா தர மாட்டாங்க. படிச்ச படிப்புக்கு ஏத்த வேலைன்னு ஒரு கம்பெனி லெட்டர் குடுக்கணும். அந்தக் கம்பெனி பேர விசாவுலயே அடிச்சுடுவாங்க. வேற எடத்துல போயி வேலை செய்ய முடியாது. மாணவர் விசா முடியறதுக்குள்ள விண்ணப்பிச்சிரணும். எனக்கு எப்ப முடியுதுன்னா… இந்த வெள்ளிக்கிழமை.

ஆமா அக்கா, இந்த வெள்ளிக்கிழமைதான்.

லேட் பண்ணல அக்கா. அலையாத எடம் கிடையாது. சீஸ் பண்ற கம்பெனி, தண்ணி டெஸ்ட் பண்ற லேப், ஆஸ்பத்திரி. போன்ஷூர் சொல்ற வரைக்கும் நல்லாத்தான் போகும். அதுக்கப்புறம் அவங்க பிரெஞ்சுல கேக்கற கேள்வி எனக்குப் புரியாது, என் பதில் அவங்களுக்குப் புரியாது. கைகுலுக்கி அனுப்பிடுவாங்க. எங்கப்பா அங்க ஊர் பூரா சொல்லி வச்சிருக்காரு, என் பொண்ணு கனடாவுல மருந்து கண்டுபிடிக்கறான்னு. சொந்தக்காரங்க அத்தனை பேரும் பொம்பளப் புள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பாதேன்னப்ப, ஒத்தை ஆளா நின்னு அனுப்பினாரு. அவருகிட்டப் போயி நான் என்ன சொல்றது?

அப்பதான் கோவிந்தராஜன் சார் வந்தாரு.

இல்ல, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம், புரோசார்ட்ல வீடு. மெட்ராஸ்காரர், இங்க வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. சென்ட் லோரன்ட்ல சின்னதா ஒரு கம்பெனி வச்சிருக்காரு. மருந்துக் கம்பெனிங்க அனுப்பற சாம்பிள டெஸ்ட் பண்ணிக் குடுக்கற எடம். எங்காளுங்க பொங்கல் விழா வச்சா அவருதான் மேடையில நடு நாற்காலி. ஜனவரியில அந்த ஐஸ் மழை பெஞ்சுதே, கரண்ட் போயி ஊரே இருட்டாக் கெடந்துதே, ஞாபகம் இருக்குல்ல? நாங்க நோத்ர-டாம்-த-கிரேஸ்ல ஒரு அபார்ட்மென்ட்ல இருந்தோம், நானும் என் கூடப் படிச்ச தாராவும். கம்பளிய மேல மேல போத்திக்கிட்டு பல்லு கிடுகிடுன்னு ஆடிக்கிட்டுக் கெடந்தோம். பாலத்த மூடறதுக்கு முன்னாடி அவரே கார எடுத்துட்டு வந்து எங்க ரெண்டு பேரையும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. அங்கயும் கரண்ட் இல்லதான், ஆனா விறகு போட்டு எரிக்கற கணப்பு இருந்துச்சு. அவங்க வீட்டம்மா, பத்மா ஆன்ட்டி, அந்த நெருப்புலயே ரசம் வச்சுக் குடுத்தாங்க. நானும் தாராவும் அழுதுட்டோம் அக்கா. நல்ல மனுஷங்கன்னா இவங்கதான்னு நெனச்சோம்.

அந்த நெருப்பு முன்னாடி உக்காந்துதான் கேட்டாரு, என்னம்மா இன்னும் லெட்டர் கிடைக்கலையா, நான் தர்றேன், என் கம்பெனிக்கே வந்துடுன்னு. அன்னிக்கி ராத்திரி நான் அப்பாவுக்குப் போன் பண்ணணும்னு துடிச்சேன், லைன் கிடைக்கல. கிடைச்சப்புறம் சொன்னா, அப்பா சார் கூடவும் பேசணும்னாரு. பேசினாரு. என் பொண்ண உங்க கையில ஒப்படைச்சிருக்கேன்னு சொன்னாரு. எனக்குக் கேட்டுச்சு. இப்ப ஒவ்வொரு ஞாயித்துக்கிழமை போன் பண்ணும்போதும் மொதல் கேள்வி, சாருக்கு என் வணக்கம் சொன்னியான்னுதான்.

இது எந்த ஸ்டாப் அக்கா? கண்ணாடி பூரா ஆவி, ஒண்ணும் தெரியல. சரி, இன்னும் தூரம் இருக்கு.

லெட்டர் குடுத்தாரு. குடுத்தாருன்னா, கண்ணுல காட்டினாரு. நீ அலைய வேணாம், பாஸ்போர்ட்டக் குடு, ஆல்பர்ட்டாவுல இருக்கற இமிக்ரேஷன் ஆபீஸுக்குத் தபால்ல அனுப்பணும், எல்லாத்தையும் என் ஆபீஸ்லேர்ந்தே அனுப்பறேன்னாரு. குடுத்துட்டேன். விசா வர நாளாகும், அதுவரைக்கும் சும்மா ஏன் இருக்கே, வந்து வேலையக் கத்துக்கோன்னாரு. போனேன். வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு, காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும். அத்தனை சாம்பிளும் நான்தான் பாத்தேன். சந்தோஷமாத்தான் அக்கா போனேன். அது வேலை இல்ல, கத்துக்கறதுதானேன்னு நெனச்சேன்.

அப்புறம் பத்மா ஆன்ட்டி ஊருக்குப் போனாங்க, தம்பி மக கல்யாணத்துக்கு. தாராவுக்கு டொராண்டோவுல வேலை கிடைச்சு அவளும் போயிட்டா. அதுக்கப்புறம்தான் சாரோட பேச்சே மாறிடுச்சு. மைக்ராஸ்கோப்புல குனிஞ்சு பாத்துக்கிட்டு இருக்கும்போது பின்னாடி வந்து நிப்பாரு. என்ன தெரியுதுன்னு கேட்டுக்கிட்டே தோள்ல கை வைப்பாரு. மொதல்ல அப்பா மாதிரின்னு நெனச்சேன். அப்பா மாதிரி இல்ல அக்கா அது. நான் நகர்ந்தா சிரிப்பாரு. தனியா இருக்கியே, புரோசார்ட்டுக்கு வந்துடு, ஆன்ட்டி வர்ற வரைக்கும் அங்கயே தங்குன்னாரு. முடியாது சார்னேன். மறுபடி கேட்டாரு. மறுபடி முடியாதுன்னேன்.

அப்ப அவரு கோவப்படவே இல்ல. அதுதான் எனக்கு ரொம்ப பயமாப் போச்சு. காப்பியக் கலக்கிக்கிட்டே சாதாரணமாச் சொன்னாரு. பிரியா, நீ விசா இல்லாம இங்க வேலை செஞ்சிருக்க, தெரியுமில்ல? கத்துக்கறதுன்னெல்லாம் இமிக்ரேஷன்ல ஒத்துக்க மாட்டாங்க. நான் ஒரு போன் பண்ணினா போதும், உன்ன பிளேன்ல ஏத்தி அனுப்பிடுவாங்க, திரும்ப வரவே முடியாது. உங்கப்பா பாவம், ஏர்போர்ட்டுக்கு மாலையோட வருவாரா, என்ன பண்ணுவாருன்னு கேட்டாரு.

இல்ல அக்கா, யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டதான் மொதல் தடவ. அழலை. கண்ணுல தண்ணி வருது, அவ்வளவுதான். நீங்க சிரிச்ச மாதிரி இருங்க. தயவுசெஞ்சு.

போன வாரம் யுனிவர்சிட்டிலேர்ந்து இமிக்ரேஷனுக்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் பாட்டு போட்டாங்க. அப்புறம் ஒரு அம்மா எடுத்து என் பேரு, பொறந்த தேதி எல்லாம் கேட்டுட்டு, உங்க பேர்ல எந்த விண்ணப்பமும் வரலையேன்னாங்க. இன்னொரு தடவ பாருங்கன்னேன். பாத்தாங்க. வரலை. சார் அனுப்பவே இல்ல அக்கா. முந்தாநாள் அவருகிட்டக் கேட்டேன். இப்ப என்ன அவசரம், ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, ரெண்டு பேருமா உக்காந்து எழுதி அனுப்பிடலாம்னாரு. வெள்ளிக்கிழமையே விசா முடியுது சார்னேன். அதான் சொல்றேன், முடிஞ்சப்புறம் நீ நான் சொல்றதக் கேட்டுத்தானே ஆகணும்னாரு.

அன்னிக்கி ராத்திரி எங்க அபார்ட்மென்ட் மூணாம் மாடியிலேர்ந்து கீழ பாத்தா ஏதேதோ தோணுச்சு. அத விடுங்க. நேத்து எங்க புரொஃபசர் ரூமுக்குப் போனேன். அந்தம்மா கியூபெக்காரங்கதான், ரொம்பக் கறாரு. என் தீசிஸ்ல ஒரு புள்ளியக்கூட விட்டு வச்சதில்ல. அவங்ககிட்ட இதெல்லாம் எப்படிச் சொல்றதுன்னு நின்னேன். வேற கம்பெனி கிடைக்கல மேடம், உங்க லேப்ல ஏதாவது இருக்குமான்னு மட்டும் கேட்டேன். மூஞ்சியப் பாத்தாங்க. கதவச் சாத்திட்டு வந்து உக்காருன்னாங்க. எல்லாத்தையும் சொல்லிட்டேன். வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு வேலை செஞ்சதையும் சொல்லிட்டேன். அத மறைக்காத, மறைச்சாத்தான் அவன் கையில இருப்பே, நம்ம மாணவர் ஆபீஸ்ல ஒரு வக்கீல் இருக்காரு, நாளன்னிக்குக் காலைல பாஸ்போர்ட்டோட வா, அங்கயே எழுதி அனுப்பலாம், வேலை என் லேப்லன்னாங்க. நடக்குமான்னு கேட்டேன். தெரியாது, ஆனா பொய் சொல்லாம கேட்டா நடக்க வாய்ப்பு இருக்குன்னாங்க. எனக்கு அது போதும் அக்கா.

நாளைக்குக் காலைல. ஆமா, நாளைக்குத்தான்.

ஆனா பாஸ்போர்ட்டு சாரோட மேசை டிராயர்லதானே இருந்துச்சு.

இன்னிக்கி மத்தியானம் அவரு யாரையோ பாக்க வெளிய போனாரு. மத்தவங்க சாப்பிடப் போயிருந்தாங்க. நான் அவரு ரூமுக்குள்ள போனேன். சொந்தப் பாஸ்போர்ட்ட எடுக்கத் திருடி மாதிரி போனேன். டிராயரு திறக்க வரலை, இழுத்து இழுத்துத் திறந்தேன். எடுத்துப் பைக்குள்ள போட்டேன். கோட்டக்கூட சரியாப் போடல, படியில இறங்கறேன், அவரு கீழேர்ந்து ஏறி வர்றாரு. என்ன பிரியா, கிளம்பிட்டியான்னு கேட்டாரு. தலை வலிக்குது சார்னேன். பையையே பாத்தாரு. அந்தப் பையக் குடு பாப்போம்னு கைய நீட்டினாரு.

ஓடிட்டேன் அக்கா. ரோடு பூரா ஐஸு, அதுல ஓடக்கூடாதுன்னு தெரியும். எங்க ஸ்டாப் இருக்குன்னுகூடப் பாக்கல, இந்த பஸ் நின்னுது, ஏறிட்டேன்.

இல்ல, டிரைவர்கிட்ட என்னன்னு சொல்றது? எனக்கு அவ்வளவு பிரெஞ்சு கிடையாது. போலீஸு வந்தா அவரு சூட்டு போட்ட பெரிய மனுஷன், பிரெஞ்சுல அழகாப் பேசுவாரு. இந்தப் பொண்ணு திருட்டுத்தனமா வேலை செஞ்சா, என் ஆபீஸ்ல கை வச்சான்னு சொன்னா முடிஞ்சுது. வீட்டுக்கும் போக முடியாது. தனியாத்தான் இருக்கேன், கீழ் வாசக் கதவு பூட்டாது, வீடு அவருக்குத் தெரியும்.

எங்க இறங்கணுமா? நான் மாற வேண்டிய ஸ்டாப் அப்பவே போயிடுச்சு அக்கா. இறங்கல.

ஏன்னா, அவரு இந்த பஸ்லதான் இருக்காரு.

திரும்பாதீங்க! பின் கதவுகிட்ட, சாம்பல் கலர் கோட்டு, கம்பியப் புடிச்சிக்கிட்டு நிக்கறாரே. கார்லயே பின்னாடி வந்து, எங்கயோ நிறுத்திட்டு, ரெண்டு ஸ்டாப் தள்ளி ஏறினாரு. இந்த ஊர்ல பஸ்ஸே ஏறினதில்லன்னு பெருமையாச் சொல்லிக்கற மனுஷன். டிக்கெட் எவ்வளவுன்னு டிரைவர்கிட்டக் கேட்டுக்கிட்டு நின்னாரு. அப்புறம் என்னப் பாத்து, பொங்கல் விழாவுல சிரிப்பாரே, அதே மாதிரி சிரிச்சு, கைய ஆட்டினாரு. அப்பதான் நான் எழுந்து உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன்.

உங்கள இதுல இழுத்ததுக்கு மன்னிச்சுக்கோங்க. நீங்க இறங்கற எடத்துல நானும் இறங்கிக்கட்டுமா? கொஞ்ச தூரம் கூட நடந்தாப் போதும்.

வீட்டுக்கேவா? ராத்திரி தங்கறதா? உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா? காலைல யுனிவர்சிட்டிக்கு அவரே கொண்டு போயி விடுவாரா? அக்கா… நான் என்ன சொல்றது.

யாரு, முன்னாடி தூங்கிக்கிட்டு வர்றவங்களா? உங்க கூட வேலை செய்யறவங்களா? இத்தனை பேருமா? வேணாம் அக்கா, அவங்கள எழுப்பாதீங்க, நின்னுக்கிட்டே வேலை செஞ்சுட்டு வந்திருப்பாங்க, பாவம். எழுப்பிட்டீங்களா. வணக்கம் அக்கா. அல்போன்சம்மா அக்காவா? வணக்கம். நீங்க அஞ்சலீனாவா? ஆமா, ஒண்ணாத்தான் இறங்கறோம். இல்ல, என்னால நடக்க முடியும். கைய மட்டும் விடாதீங்க.

இந்த ஸ்டாப்பா? அந்த மணிக் கயித்த நீங்களே இழுங்க, நான் பையப் புடிச்சிருக்கேன்.

அக்கா, அவரும் பின் கதவுகிட்ட வர்றாரு. நம்மளத்தான் பாக்கறாரு.

பாக்கட்டும்ங்கறீங்களா?

சரி. பாக்கட்டும்.